சலோமி வீட்டுக் குளிர்

சலோமி வருகிறாள் என்று கடிதம் வந்த அன்றிலிருந்து இருதயமேரி வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொல்வதும், சொன்ன மறுநாளே வேண்டாமென்று நிறுத்துவதுமாக இருந்தாள். அடித்தால், பிரான்சிலிருந்து தங்கச்சி வருகிறாள் என்று பயந்து அடித்ததாக ஆகும். அடிக்காவிட்டால், அக்காள் வீடு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது என்று அவள் கண்ணில் படும். கடைசியில் தெருப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் ஒரு பூச்சு ஆயிற்று. கொல்லையில் நெல் அவிக்கும் கொட்டகையின் சுவர் புகை ஏறிக் கறுப்பாகவே நின்றது.

திருமலைராயன்பட்டினத்தில் இருதயமேரி அவித்த நெல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. அவள் அவித்த அரிசி குத்தும்போது நொறுங்காது, சோறு மறுநாள் பழையதிலும் விறைத்து நிற்கும் என்று சொல்லி, வரிச்சிக்குடியிலிருந்தெல்லாம் மூட்டையை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். முதல் நாள் ஊறப்போட்ட நெல்லை விடிகாலையில் கொப்பரையில் ஏற்றி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடுவாள். ஆவி மேலே வந்து நெல் வாய் பிளக்கும் பக்குவத்தை அவள் கண்ணால் பார்ப்பதில்லை. வாசனையிலேயே தெரியும். அந்தப் பக்குவம் தவறாமல் வருவதற்கு நெருப்பு ஒரே சீராக எரிய வேண்டும். அதற்குச் சவுக்கு விறகுதான் சரி.

சவுக்குக்கு அவளுக்குக் கவலையில்லை. பட்டினச்சேரிக்குப் போகிற வழியில், கடல் மணலில், அவள் அப்பா வைத்துவிட்டுப் போன தோப்பு இருந்தது. பத்திரப்படி இரண்டு பெண்களுக்கும் சரிபாதி. சலோமி பன்னிரண்டு வருஷமாக ஊரில் இல்லாததால் ஊர் அதை இருதயமேரியின் தோப்பு என்றே சொல்லும். இருதயமேரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நட்டு ஐந்து வருஷமான மரம். அடுத்த வருஷம் வெட்டினால் பாதியை விற்கலாம், பாதியை வைத்துக்கொண்டு மூன்று மழைக்காலம் தள்ளலாம்.

சலோமியின் மேல் அவளுக்கு இருந்த எரிச்சலுக்கு வயது பதினெட்டு. பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுக் கணக்குத் தீர்த்தபோது, பிரெஞ்சுக் குடியாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சலோமியின் புருஷன் மரியசூசை பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான், எழுதிக் கொடுத்தான்; ஆறு வருஷம் கழித்துச் சலோமியையும் அங்கே கூட்டிக்கொண்டான். இருதயமேரியின் புருஷன் செல்வநாதன் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற சேவகர். "பொறந்த ஊர்லயே நான் வேத்து நாட்டுக்காரனா இருக்கணுமா" என்று சொல்லிவிட்டார். எழுதிக் கொடுக்க வேண்டிய அந்தக் காகிதத்தை நான்கு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்து அவள் கெஞ்சியது வேறு யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் சலோமியிடமிருந்து வந்த ஒவ்வொரு படமும், ஒவ்வொரு வாழ்த்து அட்டையும் அவள் அடிவயிற்றில் ஒரு சிராய் போலக் குத்தி நின்றது.

எண்பதாம் வருஷம், மார்கழி பிறந்து இரண்டாம் நாள் சலோமி வந்தாள். கார் வரும் என்று தெருவே பார்த்திருக்க, பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஒரே ஒரு பெட்டியோடு நடந்து வந்தாள். கழுத்தில் நூல் போல ஒரு சங்கிலி. கனமான சங்கிலியைப் பார்த்துப் பொறுத்துக்கொள்ள மனசைத் தயார் பண்ணி வைத்திருந்த இருதயமேரிக்கு அது ஏமாற்றமாகப் போயிற்று. அதனால் பொறாமை குறைந்துவிடவும் இல்லை. எல்லாம் இருந்தும் இல்லாதவள் மாதிரி வருகிறாளே, அது எவ்வளவு பெரிய மிடுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

வந்த மறுநாள் காலையில் சலோமி கொட்டகைக்கு வந்து அடுப்புக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நெருப்புக்கு நேரே நீட்டிக்கொண்டாள்.

"இஞ்ச என்னத்துக்குடி வந்து பொகையில குந்துறே. உள்ள போயிக் காத்தாடியப் போட்டுக்கிட்டு இரு" என்றாள் இருதயமேரி.

"இருக்கட்டும்க்கா. நல்லா இருக்கு."

"அங்கெல்லாம் பொகையே இருக்காதாமே."

"பொக இருக்காது" என்றாள் சலோமி. கையைத் திருப்பிப் புறங்கையையும் நெருப்பில் காட்டினாள்.

இருதயமேரியின் ரவிக்கை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. சலோமி அவளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் நிலைமையைப் பார்த்து இரக்கப்படுகிறாள் என்று இருதயமேரி எடுத்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பில் வேண்டாத விறகு ஒன்றைச் செருகினாள்.

சலோமியைப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். மீன் கூடையோடு வந்த கமலாம்பாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதை கேட்டாள்.

"அங்க பனி பெய்யுமாமே, நம்ம மார்கழிப் பனி மாதிரியா பாப்பா?"

"நீங்க மீன ஐஸ் பொட்டியில போட்டு மூடுவீங்கள்ல, அதுக்குள்ள மீனு எப்புடி இருக்கும். அப்புடி இருப்போம் நாங்க."

"அடி ஆத்தா. அப்ப கெட்டே போவ மாட்டீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வநாதனும் சிரித்தார். கொடுவா மீனை ஆய்ந்துகொண்டிருந்த இருதயமேரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தன் புருஷன் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தாள். மகள் அமலராணி பத்தாவது படிக்கிறவள், சின்னம்மா மாதிரியே முந்தானையைத் தோளில் மடித்துப் போர்த்திக்கொண்டு திரிய ஆரம்பித்திருந்தாள். குளிரே இல்லாத ஊரில் அந்தப் போர்வை எதற்கு.

ஞாயிற்றுக்கிழமை இருதயமேரி பூசை முடிந்து, கிறிஸ்துமஸ் ஜோடனைக்குக் காகிதம் வாங்கிக்கொண்டு தாமதமாக வீடு வந்தபோது, கொட்டகையில் சலோமியும் அமலராணியும் முழங்கை வரை களிமண்ணோடு நின்றார்கள். அடுப்பின் அகன்ற வாயை மண் வைத்துக் குறுக்கியிருந்தார்கள். கொப்பரைக்கும் அடுப்புக்கும் நடுவே நெருப்பு நாக்கு நீட்டிக்கொண்டிருந்த இடைவெளியையெல்லாம் சுற்றிலும் அணைத்துப் பூசி, பின்பக்கம் மட்டும் புகை போக ஒரு கை நுழையும் துவாரம் விட்டிருந்தார்கள்.

"பாதிச் சூடு வெளிய போயிக்கிட்டு இருந்துதுக்கா" என்றாள் சலோமி. "கொல்லையச் சுட வச்சுக்கிட்டு இருந்தே. இப்பப் பாரேன்."

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவிப்பு அந்த அடுப்பில்தான் நடந்தது. வழக்கமாகப் போகிற விறகில் பாதி அப்படியே மிஞ்சிக் கிடந்தது. நெல்லும் நேரத்துக்கு முன்னாலேயே வாய் திறந்தது. செல்வநாதன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நின்று மிச்ச விறகைப் பார்த்தார்.

"இருவது வருஷமா அவிக்கிறே. ஒனக்கு இது தோணவேல்ல பாத்தியா" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருதயமேரி மிஞ்சிய விறகை ஒரு மூலையில் அள்ளிப் போட்டாள். பிறகு உலக்கையை எடுத்து வந்து, காய்ந்து இறுகியிருந்த அந்த மண் விளிம்பை இடித்தாள். முதல் இடிக்கு விடவில்லை. நாலாவது இடிக்குப் பொலபொலவென்று கொட்டியது. சத்தம் கேட்டு வந்த சலோமி வாசற்படியிலேயே நின்றாள்.

"நெருப்பு எனக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் பக்குவம் தெரியும்" என்றாள் இருதயமேரி, திரும்பிப் பார்க்காமல்.

"சரிக்கா" என்றாள் சலோமி. கட்டிகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டு வேலியோரம் கொட்டிவிட்டு வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் இருதயமேரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானச் சாப்பாட்டில்தான் சலோமி அதைக் கேட்டாள். செல்வநாதனுக்கு ரசம் ஊற்றியபடி, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அத்தான், தோப்ப வித்துடலாமான்னு அவங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்க. எம் பாதிய மட்டும் வித்தாலும் சரி."

"எதுக்கும்மா?"

"வீட்டுல கொஞ்சம் வேல பாக்கணும். கூரையில. சன்னல்லயும்."

இருதயமேரி கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். கண்ணாடி மாளிகை ஒன்று அவள் கண்ணுக்குள் எழுந்தது. கூரையில் சித்திர வேலை, சன்னலெல்லாம் பளபளப்பு.

"பிரான்சும் ஒனக்கு, சவுக்கும் ஒனக்கா" என்றாள். "எங் கொப்பரைக்கு அடியில இருக்கறத உருவிக்கிட்டுப் போயி ஓம் மாடிய ஜோடிக்கப் போறியா?"

"ஜோடிக்க இல்லக்கா."

"பின்னே?"

சலோமி ரசக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். செல்வநாதன்தான் பேசினார். "அவ பாதி அவளுக்குத்தானே இருதயம். இதுல கோவிக்க என்ன இருக்கு."

அவர் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கூட அவளுக்கு ஆறுதலாக இல்லை. எழுந்து கையைக் கழுவினாள்.

மறுநாள் சலோமி, புருஷனுடைய பென்ஷன் சம்பந்தமாக ஏதோ சான்று வாங்க அமலராணியையும் கூட்டிக்கொண்டு கோட்டுச்சேரிக்குப் போயிருந்தாள். அப்போது தபால்காரர் வந்து ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரெஞ்சுத் தபால்தலை. சலோமியின் பேர். ஓரத்தில் அனுப்பியவன் பேர், சூசைராஜ். சலோமியின் மகன்.

இருதயமேரி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எடை போட்டுப் பார்த்தாள். என்ன மறைக்கிறாள் இவள்? எவ்வளவு வைத்திருக்கிறாள்? கொப்பரையில் நெல் கொதித்து ஆவி வந்துகொண்டிருந்தது. சாக்கின் ஓரத்தைத் தூக்கி, உறையை அந்த ஆவியில் காட்டினாள். பசை இளகி, உறை தானாகவே வாய் பிளந்தது. உள்ளே இருந்த எழுத்து ஒன்றும் புரியவில்லை. அவள் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கன்னியாஸ்திரிகள் ஜெபத்துக்கு வேண்டிய பிரெஞ்சு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுப்பைத் தணித்துவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, காரைக்காலுக்குப் பஸ் ஏறினாள்.

தபால் ஆபீசுக்குப் பக்கத்தில் பீர் மைதீன் என்று ஒரு பெரியவர் இருந்தார். இளம் வயதில் சைகோனில் கடை வைத்திருந்தவர். பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார், வந்ததைப் படித்துச் சொல்வார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு வரி வாசிப்பதும் ஒரு வரி தமிழில் சொல்வதுமாக ஆரம்பித்தார்.

"அன்புள்ள அம்மாவுக்கு. நாங்க சுகம். அப்பாவுக்குத்தான் இருமல் விடல. எண்ணெத் தொட்டியில அடி தெரியிது. அடுப்படியில மட்டும், நாங்க ஸ்கூல் விட்டு வந்ததுக்கப்புறம் கணப்பப் போடுறாரு. நானும் தங்கச்சியும் அப்பாவும் அடுப்படியிலயே ஒரே மெத்தையில படுத்துக்கறோம். மாடிய மூடிட்டோம். திங்கக்கெழம மாடியில நான் வச்ச தண்ணி டம்ளருக்குள்ளயே ஐஸாப் போச்சு."

"எண்ணெ எதுக்கு? சமையலுக்கா?" என்றாள் இருதயமேரி.

"இல்லம்மா. வீட்டச் சுட வைக்க. நம்ம மண்ணெண்ணெ மாதிரி ஒண்ணு. அரபு நாட்டுக்காரங்க வெல ஏத்துனதுலேருந்து அங்க ஏழபாழைக்குப் பெரிய பாடு. இருங்க, எழுதிருக்கான். 'அப்பா பென்ஷன்ல பாதி எண்ணெக்கே போயிடுதுன்னாரு. கூரைய அடைக்கிற ஆளு வந்து பாத்தாரு. சூடெல்லாம் ஓட்டு வழியாப் போவுது, உள்ள பஞ்சு மாதிரி வச்சு அடைச்சு, சன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி போட்டா பாதி எண்ணெ போதும்னாரு. நீங்க பணம் கொண்டாந்தாத்தான் வேல ஆரம்பிப்பாராம். பெரியம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லிடாதீங்கன்னு அப்பா எழுதச் சொன்னாரு. அவங்க சிரிப்பாங்களாம்.'"

பீர் மைதீன் தாளை மடித்தார். "பெரியம்மாங்கறது யாரு தாயி?"

"நாந்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உறையை எடுத்து அதன் மேலிருந்த பேரைப் படித்தார். "தெரிஞ்சிருந்தா வாசிச்சிருக்க மாட்டேன்" என்றார். அவள் நீட்டிய காசை வாங்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், ஏறி உட்கார்ந்ததும் இருதயமேரிக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெல்லக் கட்டியை வாயில் போட்டு அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. பிரான்சுக்காரி. ஒரே மெத்தையில் மூன்று பேர். இதைக் கமலாம்பாளிடம் சொன்னால் பட்டினச்சேரி வரைக்கும் சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றெல்லாம் யோசித்தாள். அரசலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஆற்றுக் காற்று சில்லென்று அடித்தது. முன் சீட்டில் இருந்தவள் மடியில் கிடந்த பிள்ளையின் தலையில் துணியை இழுத்துவிட்டாள். டம்ளரில் தண்ணீர் உறைகிற வீட்டில் ஒரு பெண்பிள்ளை எப்படிப் படுத்திருப்பாள் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்தது. அந்தப் பிள்ளையின் முகம் கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. படத்தில் எப்போதும் குல்லாய் போட்டிருக்கும்.

அதற்கப்புறம் வந்தது கோபம். பதினெட்டு வருஷம் அவள் வயிறெரிந்தது இதைப் பார்த்தா? இல்லாத ஒன்றுக்காகவா புருஷனை ராத்திரி பகலாகக் குத்திக் குத்திப் பேசினாள்? யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டி, சலோமி வந்ததும் கொடுத்தாள். சலோமி கொல்லையில் போய் நின்று படித்தாள்.

"என்ன எழுதியிருக்கான் புள்ள?"

"எல்லாரும் சௌக்கியமாம்."

"வீடெல்லாம் எப்புடி இருக்காம்?"

"கதகதன்னு இருக்காம்" என்றாள் சலோமி.

இருதயமேரிக்கு அந்தப் பொய்யை உடைக்க வாய் வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது. அதிரசம் சுட்டார்கள், குடில் கட்டினார்கள். கமலாம்பாள் மூன்று முறை வந்து போனாள். மூன்று முறையும் அந்தக் கதை நாக்கு நுனி வரை வந்து உள்ளே போயிற்று.

பண்டிகை கழிந்த மூன்றாம் நாள், விறகு வியாபாரி சோமுவைக் கூட்டிக்கொண்டு இருதயமேரி தோப்புக்குப் போனாள். சலோமியையும் வரச் சொல்லியிருந்தாள். கடல் காற்றில் சவுக்கு ஒரே இரைச்சலாக இரைந்தது. சோமு ஒவ்வொரு மரத்தின் பருமனையும் சாணால் அளந்துகொண்டு உள்ளே போனான்.

"மண்ண விக்க மாட்டேன்" என்றாள் இருதயமேரி. "அது அப்பா மண்ணு. மரத்த எடுத்துக்க."

"எம் பாதியா?"

"முழுசும். ஒரு வருஷம் முந்தி வெட்டறதால வெல கொறைச்சலாத்தான் போவும். அவ்வளவும் ஒனக்குத்தான்."

சலோமி அவளையே பார்த்தாள். "நீ எதப்போட்டு அவிப்பே?"

"சருகு இருக்கு. உமி இருக்கு. நான் பாத்துக்கறேன்."

"கடுதாசியப் படிச்சியாக்கா?"

இருதயமேரி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒறையில அவிச்ச நெல்லு வாசம் அடிச்சுது. அங்க எந்தத் தபால்லயும் அந்த வாசம் வராது."

"பீர் மைதீன் படிச்சாரு."

"சிரிச்சியா?"

"மொதல்ல சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பாலம் வந்துது" என்றாள் இருதயமேரி. அவளுக்கு அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

சலோமி குனிந்து ஒரு சவுக்குக் காயை எடுத்து விரலால் உருட்டினாள். விரல் நுனிகளில் வெடித்து ஆறிய கோடுகள் இருந்தன. வந்த நாளிலிருந்து அவை அங்கேதான் இருந்திருக்க வேண்டும். "நீ அடுப்பாண்ட ரவிக்க நனைய வேர்த்து நிப்பே" என்றாள். "அதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியும். மார்கழி மாசத்துல ஒருத்தி வேர்வையத் தொடைக்கிறாளேன்னு. என்ன ஜென்மம் நான்னு நெனச்சுக்குவேன்."

"அதுக்குத்தான் அப்புடிப் பாத்தியா?"

"ஆமா."

இருதயமேரி ஒரு விஷயம் எதிர்பார்த்திருந்தாள். சலோமி வேண்டாமென்று சொல்லுவாள், தான் வற்புறுத்த வேண்டியிருக்கும், மறுபடி அவள் மறுப்பாள், கடைசியில் கண்ணீரோடு வாங்கிக்கொள்வாள் என்று. கொடுக்கிற கை ஒரு தடவையாவது தன் கையாக இருக்கட்டும் என்றுதான் மூன்று நாளாக அதை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். சலோமி ஒரு தடவை கூட மறுக்கவில்லை.

"சரிக்கா, வாங்கிக்கறேன்" என்றாள். "மறுக்கற நெலையில நான் இல்ல."

அது இருதயமேரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சோமுவைக் கூப்பிட்டு விலை பேசினாள். சலோமியின் முன்னால் கூட நாலு வார்த்தை கறாராகவே பேசினாள்.

பொங்கல் முடிந்து சலோமி போனாள். பஸ்ஸில் ஏறுமுன் அக்காளின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது சூடாக இருக்கிறதே என்பதற்காகவா, பிரியத்துக்காகவா என்று இருதயமேரிக்குத் தெரியவில்லை.

தோப்பு மொட்டையாயிற்று. புதுக் கன்று நட்டார்கள். அந்த வருஷம் இருதயமேரிக்குச் சோதனையாகத்தான் போயிற்று. உமியை ஆலைக்காரர்களே எரித்துக்கொண்டார்கள். சருகு பொசுக்கென்று எரிந்து அணையும். ஐப்பசி மழையில் நனைந்துவிட்டால் புகைமட்டும்தான். இரண்டு முறை நெல் அரைவேக்காடாகி, வரிச்சிக்குடிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஒருநாள், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, களிமண் குழைத்து அடுப்பு வாயைக் குறுக்கிப் பூசிக்கொண்டாள். செல்வநாதன் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருஷத்தில் அவர் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று என்று அவளுக்குத் தோன்றியது.

மறு வருஷம் தை பிறந்த சமயத்தில் ஒரு படம் வந்தது. கலர்ப் படம். ஓர் அகன்ற சன்னல். அதற்கு வெளியே மரம், வேலி, மலை எல்லாமே வெள்ளை. சன்னலுக்கு இந்தப் பக்கம் சலோமி நைலக்ஸ் புடவையில், வெறுங்காலோடு நின்றாள். பக்கத்தில் அரைக்கைச் சட்டையோடு மகன். அந்தப் பெண்பிள்ளைக்குத் தலையில் குல்லாய் இல்லை. நல்ல சுருட்டை முடி. படத்தின் பின்னால் சலோமி எழுதியிருந்தாள்: 'அக்கா, மாடியில் எடுத்தது.'

இருதயமேரி அந்தப் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். எவ்வளவு பெரிய சன்னல். வழுவழுவென்று மரத் தரை. சலோமி கன்னத்தில் சதை போட்டிருந்தாள். அடிவயிற்றில் பழைய சிராய் மறுபடி அசைந்தது. இந்தத் தடவை பொறாமைப்படுவதற்கு உண்மையிலேயே ஒரு வீடு இருந்தது. அதை ஏற்படுத்திக் கொடுத்தவளும் தானேதான். யாரைப் போய்க் குற்றம் சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

கமலாம்பாள் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"தங்கச்சி வீடா? யம்மாடி, எம்மாம் பெருசு. வெளியெல்லாம் ஐஸாக் கெடக்கு, இவங்க மெல்லிசுப் பொடவையோட நிக்கிறாங்களே. குளுராதா?"

"குளுராது" என்றாள் இருதயமேரி. படத்தை அவளிடம் கொடுக்காமல் தானே பிடித்துக் காட்டினாள். "கூரைய நாந்தான் அடைச்சேன்."